உண்மை நகல்

வழக்கறிஞர் குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.
மேசை முழுக்கச் சொட்டியது.

"தெம்போவின் மதிப்பெண் பதிவேடு வேண்டும்.
மேல்நிலைத் தேர்ச்சி இல்லாதவன்
நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாது, தெரியுமல்லவா அம்மா?"

தெரியும்.
கசேசேயில் இந்தப் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து
பத்தொன்பது வருடமாக நான் தெரிந்துகொண்டிருப்பதே அதுதான்:
யார் எத்தனை, யார் எதுவரை, யார் எப்போது நின்றுபோனார்.

எங்கள் மக்களிடம் பெயரே வரிசை எண்.
தெம்போ என்றால் ஆறாவது மகன்.
பீரா என்கிற நான் இரண்டாவது மகள்.
பிறந்த அன்றே தரவரிசை போட்டாயிற்று,
இன்னொன்று எதற்கு என்று
தெம்போ வகுப்பில் கேட்டு வாங்கிய அடி
இந்த அலமாரியில் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

பதிவேட்டை எடுத்தேன்.
வெள்ளத்தின்போது நியம்வம்பா இந்த அறைக்குள்ளும் வந்தது.
கீழ்த்தட்டில் ஐந்து வருடங்களைத் தின்றது.
எங்கள் வருடம் இரண்டாம் தட்டு. ஓரம் மட்டும் நனைந்து
தேநீர்க் கறைபோல ஒரு கோடு.

தெம்போ. புவியியல்: சி.
அதற்கு மேல் வரியில் நான். புவியியல்: சி.
வழக்கறிஞர் இரண்டையும் பார்த்தார். ஒன்றும் பார்க்கவில்லை.

அந்த வருடம் மண்ணெண்ணெய் அவனுடையது.
சனி ஞாயிறு கட்வே ஏரியில் உப்பு வெட்டப் போவான்,
காலெல்லாம் வெடித்து வருவான், கையில் ஒரு போத்தல்.
வெளிச்சம் அவனுடையது, புத்தகம் என்னுடையது.
நான் உரக்கப் படிப்பேன். அவன் உட்கார்ந்தபடியே தூங்குவான்.
தேர்வன்று என் முழங்கையை நான்கு விரல் நகர்த்தினேன்.
நான்கே விரல்.

நியம்வம்பா எந்த ஏரியில் சேருகிறது?
எட்வர்ட் ஏரி என்று எழுதினேன்.
ஜார்ஜ் ஏரி. வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.
அவனும் எட்வர்ட் ஏரி.
என் தப்பையும் விடாமல் எடுத்துக்கொண்டவன்.

போன செவ்வாய், சந்தைத் திடலில் கூட்டம்.
"எட்வர்ட் ஏரிக்குப் போகிற நம் ஆற்றுக்குக் கரை கட்டுவேன்!"
வாழைக்குலை வாங்கிக்கொண்டிருந்தவள் சில்லறையைக் கீழே போட்டேன்.
இருபத்தாறு வருடம் கழித்து
என் தப்பு மைக்கில் பேசுகிறது.

மறுநாள் வானொலியில் திருத்தினார் முனைவர் மசெரேகா,
எதிர் வேட்பாளர். பொறுமையாக, ஏளனம் இல்லாமல்.
நல்ல மனிதர். இந்த ஆற்றில்தான் அவர் ஆராய்ச்சி.
வெள்ளம் எங்கே ஏறும் என்று மூன்று வருடம் முன்பே
வரைபடத்தோடு எழுதியவர்.
எழுதிவிட்டுக் கம்பாலாவில் இருந்தார்.
மருத்துவமனைக் கூரையிலிருந்து ஆளிறக்கியது தெம்போ.
பிறகு வந்த நிவாரணச் சிமெண்டில்
நூற்றிருபது மூட்டை எங்கே என்றால்
சிரிப்பதும் தெம்போ.

வானொலிக்கு ஒரு பெண் பேசினாள்:
"ஆறு எந்த ஏரிக்குப் போகுதுன்னு எங்களுக்கு எதுக்கு டாக்டர்?
அது எங்க வீட்டு வழியாத்தான் போச்சு."
கடைவீதியே சிரித்தது. நானும்.
சிரித்துவிட்டு அன்றிரவு தூக்கமில்லை.
அந்த வரைபடத்தை யாராவது அப்போதே பிரித்திருந்தால்
அவள் வீடு

"சீக்கிரம், அம்மா."

நகலெடுத்தேன். முத்திரையை ஊதா மையில் அழுத்தினேன்.
'உண்மை நகல்.'
இந்த அலுவலகத்திலிருந்து போன தாள்களில்
இவ்வளவு உண்மையான நகல் வேறில்லை.

"ஆளைத் தெரியுமா உங்களுக்கு?"
"ஒரே தேர்வறை."
"எப்படிப் படிப்பான்?"
"படிக்கமாட்டான். கேட்பான்."

அவர் குடையைத் தேடினார். விரித்தபடி கையிலேயே இருந்தது.

போன பிறகு மேல் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதே சி. அதே சட்டம். நானும் நிற்கலாம்.
இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை,
நான் உட்பட.

மேசையில் குடைத்தண்ணீர் என் பக்கமாக ஓடிவந்தது.
பதிவேட்டைத் தூக்கினேன்.